எரித்துப் பார்த்த நூல்

ஏழாம் வகுப்பு பாதி முடியும் வரைக்கும் அறிவியல் என்றால் எனக்குச் சிவப்பு மையில் கேள்வி, நீல மையில் பதில், அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. அவ்வளவுதான். ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்று ஐந்து மதிப்பெண்ணுக்குப் பிழையில்லாமல் எழுதுவேன். ஆனால் எங்கள் லைன் வீட்டு வாசலில் நின்ற முருங்கை மரத்துக்கும் அந்தப் பதிலுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. பாடம் பாடத்தில் இருந்தது, மரம் வாசலில் இருந்தது.

எங்கள் அரசுப் பள்ளி அவிநாசியிலிருந்து திருப்பூர் போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே. சுற்றிலும் பனியன் கம்பெனிகள். வகுப்பில் பாதிப் பேர் என்னைப் போல வெளியூர்க்காரர்களின் பிள்ளைகள். எனக்கு நாலு வயதாக இருக்கும்போது சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் இங்கே வந்தார்கள். அப்பா துணி ரோல் ஏற்றுகிற டெம்போ ஓட்டினார். அம்மா ஒரு கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் மேஜையில் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எதுவானாலும் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவது அவர் வேலை. வீட்டில் நான் "சொல்லுதேன்" என்பேன். பள்ளிக்கூடத்து கேட்டைத் தாண்டியதும் அது "சொல்றேனுங்க" ஆகிவிடும். நானாக மாற்றுவதில்லை, தானாக மாறும்.

மூன்றாம் பருவத்தில் இழைகளைப் பற்றி ஒரு பாடம். அறிவியல் டீச்சர் தினமும் குன்னத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். அந்த வருஷம்தான் எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்தவர். புத்தகத்தில் இருந்த கியூ.ஆர். கோடுக்கு மேல் போனைப் பிடித்து, வீடியோ வரட்டும் என்று நாற்பது பேரும் காத்திருந்தோம். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் டீச்சர் போனைப் பைக்குள் போட்டுவிட்டார்.

"இதுக்குப் போயி வீடியோ எதுக்குங்க. நாம இருக்கறது திருப்பூர்ல. நாளைக்கு ஆளுக்கொரு துண்டுத் துணி கொண்டாங்க."

துணிக்கு எங்கள் ஊரில் பஞ்சம் இல்லை. கட்டிங் வேஸ்ட் இல்லாத வீடு கிடையாது. சுடுபாத்திரம் பிடிப்பது, தரை துடைப்பது, வண்டி துடைப்பது எல்லாம் அதில்தான். மறுநாள் டீச்சர் மேஜை மேல் ஒரு குவியலே சேர்ந்துவிட்டது. என் பக்கத்தில் உட்காரும் தோழி அவள் அம்மாவின் பட்டுச்சேலைக் குஞ்சத்தில் ஒரு இழையும், தம்பியின் கம்பளிக் குல்லாயில் ஒரு இழையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். அவர்கள் இந்த ஊர்க்காரர்கள். அவள் அப்பா வீட்டுக்குப் பக்கத்திலேயே ஷெட் போட்டு, ஆறு தையல் மெஷின் வைத்துக் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கிறார்.

டீச்சர் மெழுகுவர்த்தியைப் பொருத்தி, இடுக்கியில் ஒரு பருத்தித் துண்டைப் பிடித்துக் காட்டினார். மஞ்சளாக எரிந்தது, காகிதம் எரிகிற வாசனை, ஊதினால் பறக்கிற சாம்பல். அடுத்தது பாலியஸ்டர். அது எரிவதற்கு முன்பே தீயைப் பார்த்துப் பின்வாங்குவதுபோலச் சுருங்கியது. கறுப்புப் புகை விட்டு உருகியது. ஆறியதும் நுனியில் கடுகு அளவுக்கு ஒரு கறுப்பு மணி. நகத்தால் அழுத்தினாலும் உடையவில்லை. பட்டையும் கம்பளியையும் காட்டியதும் வகுப்பே மூக்கைப் பொத்தியது. முடி கருகுகிற நாற்றம்.

அன்றைக்கு எனக்கு என்ன ஆனது என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு பொருளிடம் கேள்வி கேட்டால் அதுவே பதில் சொல்லும், நோட்ஸ் வேண்டாம், மனப்பாடம் வேண்டாம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கையில் கிடைத்ததிலெல்லாம் ஒரு நூல் உருவி எரித்தேன். ஜன்னல் திரை, பழைய ஸ்கூல் பை, அப்பாவின் கைலி. அம்மா வேலை முடிந்து வந்து வாசலிலேயே மூக்கை உறிஞ்சினார்.

"ஏட்டி, வீட்டக் கொளுத்திராத. வாடக வீடு."

அந்த ஜனவரியில்தான் எங்கள் பள்ளிக்கு நீல டி-ஷர்ட் கொடுத்திருந்தார்கள். விளையாட்டு நாளுக்குப் போட்டுக்கொள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒவ்வொன்று. கொடுத்தது அம்மா வேலை செய்கிற கம்பெனி. கழுத்துக்குப் பின்னால் தைத்திருந்த லேபிளில் நூறு சதவீதம் காட்டன் என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. அதையும் விடவில்லை. ஓரத்தில் தொங்கிய ஒரு நூலை எரித்தேன். உருகி மணியாக உருண்டது.

மறுநாள் தோழியிடம் சொன்னபோது அவள் அசரவில்லை.

"தொங்குன நூல எரிச்சயா? அது தையல் நூலுடி. எந்தச் சட்டைல எடுத்தாலும் தையல் நூல் பாலியஸ்டராத்தான் இருக்கும். எங்கூட்லயே பொட்டி பொட்டியாக் கெடக்குது. துணிய எரிச்சுப் பாரு."

அது எனக்கு உறைத்தது. அவள் சொன்னபடி, கீழ் மடிப்புக்குள் வெளியே தெரியாத இடத்தில் ஒரு துளி வெட்டி எரித்தேன். துணி எரிந்தது, காகித வாசனையும் வந்தது. சாம்பலும் இருந்தது. ஆனால் சாம்பலுக்குள் விரலை வைத்துத் தேய்த்தபோது நெருநெருவென்று ஏதோ தட்டுப்பட்டது. இரண்டு சின்னக் கறுப்பு மணிகள். மூன்று தடவை செய்து பார்த்தேன். அவளும் அவள் வீட்டில் அவளுடைய டி-ஷர்ட்டில் செய்து பார்த்தாள். அவளுக்கும் அதேதான்.

"அப்ப காட்டனும் பாலியஸ்டரும் கலந்தது. லேபிள்ல தப்பாப் போட்டிருக்குது" என்றாள்.

எங்களுக்குக் கோபமே வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. அச்சில் இருப்பது தப்பு, எங்கள் கையில் இருப்பது சரி. பன்னிரண்டு வயதில் அந்தச் சந்தோஷம் மிகப் பெரியது.

பிப்ரவரி கடைசியில் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். டீச்சர் எங்கள் இருவரையும் இழைகளுக்கு நிறுத்தினார். ஒரு அட்டையில் பருத்தி, பட்டு, கம்பளி, பாலியஸ்டர், நைலான் என்று ஐந்து மாதிரிகளை ஒட்டினோம். ஆறாவதாக நீலத் துணியையும் ஒட்டலாமா என்று கேட்டேன். தோழி யோசித்துவிட்டு வேண்டாம் என்றாள்.

"சீஃப் கெஸ்ட்டா அந்தக் கம்பெனி ஓனர்தான் வாராராமா. உங்கம்மா அங்கதான வேலைக்குப் போறாங்க. நமக்கு எதுக்கு."

எனக்கும் அது சரியாகப் பட்டது.

கண்காட்சிக்குப் பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். அம்மா அரை நாள் பெர்மிஷன் போட்டுவிட்டு, கம்பெனி அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார். நாங்கள் எல்லோரும் நீல டி-ஷர்ட்டில் இருந்தோம். ஓனர் என்றால் பெரிய கூட்டத்தோடு வருவார் என்று நினைத்திருந்தேன். வெள்ளை வேட்டி சட்டையில், பையில் மூக்குக்கண்ணாடி செருகியபடி, ஒல்லியான ஒருவர் தலைமை ஆசிரியரோடு பேசிக்கொண்டே வந்தார். நின்று பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிற விருந்தினர் இல்லை அவர். ஒவ்வொரு மேஜையிலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார், பிள்ளைகளிடம் கேள்வி கேட்டார்.

எங்கள் மேஜையில் அதிக நேரம் நின்றார். துணி அவர் தொழில். நான் கம்பளியைக் காட்டுவதற்குள்ளேயே வாசனை பிடித்து, "உல்லனா கண்ணு" என்றார். ஐந்தையும் பார்த்து முடித்ததும், என் சட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்தச் சட்டையே என்னன்னு பாத்துப் போடலாமே. உள்மடிப்புல ஒரு துளி வெட்டு. வெளிய தெரியாது."

அந்த இடம் ஏற்கெனவே வெட்டியிருந்தது. அதைக் கைக்குள் மறைத்துக்கொண்டு, பக்கத்தில் இன்னொரு துளி வெட்டினேன். இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினேன். அவருக்குப் பின்னால் பெற்றோர் வரிசையில் அம்மா. எனக்கு வலப்பக்கம் டீச்சர். துணி எரிந்து, சாம்பல் பீங்கான் தட்டில் விழுந்தது. சாம்பலுக்கு நடுவே மணி கறுப்பாக மினுங்கியது. எல்லோருக்கும் தெரிகிற மாதிரிதான் கிடந்தது.

"என்ன கண்ணு?"

"காட்டனுங்க" என்றேன்.

அவர் தோழியைப் பார்த்தார். "அப்படித்தானா சாமி?"

அவள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

அவர் தட்டிலிருந்து அந்த மணியை எடுத்து இரண்டு நகங்களுக்கு நடுவே வைத்து அழுத்தினார். அது நசுங்கவில்லை. பிறகு தட்டிலேயே போட்டுவிட்டு, "ரெண்டு பேரும் நல்லாச் செய்யறீங்க" என்று சொல்லி, அடுத்த மேஜையில் சோடா உப்பால் பொங்குகிற எரிமலையைப் பார்க்கப் போனார்.

மேஜையைத் துடைத்து எடுத்து வைக்கும் வரைக்கும் தோழி என்னோடு பேசவில்லை. பையை மாட்டும்போதுதான் சொன்னாள்.

"அட்டைல ஒட்ட வேண்டாம்னுதான் நான் சொன்னே. கேட்டாப் பொய் சொல்லுன்னு சொன்னனா? என்னையும் சேத்துத் தலையாட்ட வெச்சுட்ட."

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை. ஒட்டாமல் விட்டதும் மறைப்புதான், காட்டன் என்றதும் மறைப்புதான் என்று மனதுக்குள் அவளோடு சண்டை போட்டேன். இப்போது அவள் சொன்னது புரிகிறது. முதலாவது நாங்கள் வாயை மூடிக்கொண்டது. இரண்டாவது, நாங்கள் கண்ணால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்றது.

கண்காட்சிக்கு வந்தவர்கள் கொடுத்த துணிகளையெல்லாம் ஒரு நோட்டில் அட்டவணை போட்டு எழுத வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். எரிந்த விதம், வாசனை, மிச்சம், முடிவு என்று நாலு கட்டம். ஓனர் பார்த்த துணிக்கான வரியில் நான் எதையும் எழுதவில்லை. டீச்சர் நோட்டைப் புரட்டி அந்த இடத்தில் நிறுத்தினார்.

"இது என்னாச்சு?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நானும் பாத்தனுங் கண்ணு. பக்கத்துலதான நின்னேன். நானும் ஒன்னும் சொல்லல. ஆய்வகத்துக்கு மேஜை போட்டுத் தாரேன்னு அந்த ஓனர் எச்.எம். கிட்டச் சொல்லியிருக்கறாரு." நோட்டை என் பக்கம் தள்ளினார். "முடிவு எழுத வேண்டாம். பாத்தத மட்டும் எழுது."

மஞ்சள் சுடர். காகித வாசனை. சாம்பல், அதில் உடையாத ஒரு கறுப்பு மணி. நாலாவது கட்டத்தைக் காலியாக விட்டேன். டீச்சர் அதன் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். பெரியவர்களுக்கும் பயம் இருக்கும் என்பதை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான். டீச்சர் மேல் மதிப்பு குறைந்துவிட்டதா என்று அப்புறம் பல தடவை யோசித்திருக்கிறேன். இல்லை. அவர் என்னிடம் அதை மறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா ரோட்டிலேயே நின்றுவிட்டார்.

"நல்லவேள, காட்டன்னு சொன்ன. அத்தன பேரு முன்னால அவருக்கு ஒரு மாதிரி ஆயிருக்கும். நான் நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உள்ள போவேன்" என்றார். பிறகு பேக்கரியில் எனக்குத் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். பன் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

திங்கட்கிழமை நடந்ததை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சாயங்காலம் வேலை விட்டு வந்து, கைகால் கழுவாமல் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

ஓனர் செக்கிங் பக்கம் தினமும் ஒரு முறை வருவாராம். யாரிடமும் நின்று பேசுகிறவர் இல்லையாம். அன்று அம்மாவின் மேஜை முன்னால் நின்றிருக்கிறார்.

"பள்ளிக்கூடத்துல துணி எரிச்சது உங்க புள்ளதானுங்களா?"

"ஆமாங்க ஐயா."

"ஊட்ல வந்து என்ன சொல்லுச்சு? அது என்ன துணியாமா?"

அம்மாவின் கையில் அப்போது ஒரு டேமேஜ் பீஸ் இருந்ததாம். ஸ்டிக்கரை உரித்து விரல் நுனியில் வைத்திருந்தாராம்.

"பாலியஸ்டர் கலந்ததுன்னு சொன்னாளுங்க ஐயா" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு நம்பமுடியவில்லை. "ஏம்மா சொன்ன? நல்லவேள சொல்லலன்னுதான அன்னைக்குச் சொன்ன?"

"கேக்காரே. செக்கிங் மேசைல நின்னுக்கிட்டு, ஓட்டைய இல்லன்னா சொல்ல முடியும்? வாய் தானா சொல்லிட்டுது." சொல்லிவிட்டு அம்மாவே சிரித்துக்கொண்டார்.

ஓனர் ஒன்றும் கடிந்துகொள்ளவில்லையாம். மிச்சம் கிடந்த ரோலில் தைத்தது, அது அறுபதுக்கு நாற்பது கலவை, பிள்ளைகள் போட்டு விளையாடக் காட்டனைவிடக் கெட்டியாக உழைக்கும் என்றுதான் அந்தத் துணியை எடுத்தோம் என்று விளக்கம் மாதிரிச் சொல்லியிருக்கிறார். லேபிள் வேறு ஆர்டருக்கு வந்து மிஞ்சியதாம். கழுத்து வெறுமனே இருக்கவேண்டாம் என்று யாரோ தைத்துவிட்டார்களாம். எல்லாம் உண்மையாகவும் இருக்கலாம். கண்காட்சியில் என் சட்டையை வெட்டச் சொன்னபோது அவருக்கு அது தெரிந்திருந்ததா, தெரியாமல்தான் கேட்டாரா என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமல் கேட்டிருந்தால், அவர் என்னிடம் நேர்மையாகக் கேட்ட ஒரு கேள்விக்கு நான் பொய் சொல்லியிருக்கிறேன். தெரிந்தே கேட்டிருந்தால், அவருக்கு என்ன வேண்டியிருந்ததோ. இரண்டு வகையிலும் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

அம்மாவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. கூடுதலாகவும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆய்வகத்துக்கு மேஜை வந்தது. அடுத்த வருஷம் பச்சை டி-ஷர்ட் கொடுத்தார்கள். கழுத்துப் பக்கம் லேபிளைக் கத்தரித்து எடுத்திருந்தார்கள். நாலு தையல் ஓட்டை மட்டும் இருந்தது.

நான் பின்னால் அறிவியல் எடுக்கவில்லை. பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் சேர்ந்தேன், இப்போது பி.காம். கடைசி வருஷம். ஆனாலும் ஒரு விஷயம் சரியா என்று யாராவது கேட்டால், என் மனது உடனே பதிலைத் தேடுவதில்லை. முதலில் நாலு கட்டம் போட்டுக்கொள்கிறது.

ஓனர் அம்மாவிடம் கேட்ட அந்த வாரமே, வியாழக்கிழமை, அம்மா ஒரு கேரி பேக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். ஓனர் கொடுத்தனுப்பியது. உள்ளே இருபது முப்பது துணித் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு காகிதம் பின் அடித்து, என்ன துணி, எவ்வளவு கலவை என்று பேனாவால் எழுதியிருந்தது. கடிதம் ஏதும் இல்லை. மறுநாள் வகுப்பில் பையைத் தோழியின் மேஜையில் வைத்து, அம்மா ஓனரிடம் சொன்னதையும் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்கம்மா சொல்லீட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள். அவள் என்னோடு பேசி ஒரு வாரம் ஆகியிருந்தது.

மதியம் சத்துணவு மணிக்கு முன்னால், டீச்சரும் நாங்களும் ஆய்வக ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எரித்தோம். காகிதத்தை மறைத்து வைத்துக்கொண்டு, எரித்த பிறகு திறந்து பார்ப்பது என்று தோழி விதி போட்டாள். பெரும்பாலும் சரியாகச் சொன்னோம். ஒரு துண்டில் மட்டும் காகிதம் இல்லை. பின் குத்திய ஓட்டை இருந்தது, காகிதம் எங்கோ விழுந்துவிட்டிருந்தது. பையைக் கவிழ்த்துத் தேடினோம், கிடைக்கவில்லை.

எரித்தால் அச்சாகப் பருத்தி. அதே சுடர், அதே வாசனை, மணியே இல்லை. ஆனால் தொட்டால் பருத்தி இல்லை. வழவழவென்று, கையில் பிடித்தால் தண்ணீர் மாதிரி நழுவியது.

"காட்டன்தான் டீச்சர்" என்றேன்.

"இது காட்டனே இல்ல, தொட்டுப் பாரு" என்றாள் தோழி.

டீச்சர் அதை நுகர்ந்து பார்த்தார், இழுத்துப் பார்த்தார், புத்தகத்தைப் புரட்டினார். "ரேயானா இருக்கலாம். ஆனா எரிச்சுப் பாத்து மட்டும் சொல்ல முடியாதாட்ட இருக்குது. எனக்குத் தெரியலீங் கண்ணு."

நோட்டில் அந்தத் துண்டுக்கு என்ன எழுதுவது என்று கேட்டேன். பார்த்ததை மூன்று கட்டத்தில் எழுதி, தொட்டால் எப்படி இருந்தது என்பதற்குத் தோழி புதிதாக ஒரு கட்டம் போட்டாள். முடிவு என்ற கட்டத்தில், "உறுதியாகத் தெரியவில்லை" என்று நான் எழுதினேன். அதற்கு மதிப்பெண் உண்டா என்று அவள் கேட்டாள். டீச்சர் சிரித்துக்கொண்டே மெழுகுவர்த்தியை அணைத்தார்.

மணி அடித்தது. சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வரிசையில் நின்று சாம்பார் சாதம் வாங்கினோம். எவ்வளவு சோப்புப் போட்டும் கம்பளி நாற்றம் விரலை விட்டுப் போகவில்லை. மூக்கைச் சுளித்துக்கொண்டே இரண்டு பேரும் சாப்பிட்டோம்.